அக்கரைச் சீட்டும் மூன்று வாக்குகளும்

நம் வங்கியின் வெளிநாட்டுப் பணப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் கொஞ்சம் பாவமாகவும் இருக்கிறது. பொறாமைக்குக் காரணம், உங்களுக்கு முழங்கால் வலி இல்லை. பாவம் என்று சொல்வதற்குக் காரணம், ரூபாய் சரிகிற ஒவ்வொரு நாளும் ஊரே உங்களைப் பார்த்துத்தான் கேள்வி கேட்கும். கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர், நீங்கள்தான் ரூபாயைப் பிடித்துத் தள்ளிவிட்டது மாதிரி முறைப்பார். பழகிக்கொள்ளுங்கள்.

நான் வேலையில் பாதிக் காலத்தைச் சென்னையில் அந்நியச் செலாவணி அறையில் கழித்தேன். கடைசிச் சில வருடங்கள் பெரம்பலூரில் வீடு, லப்பைக்குடிக்காட்டுக் கிளையில் மேலாளர் நாற்காலி. தினமும் பஸ். அந்த ஊரில் ஆண்களில் பெரும்பாலோர் வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி நான் கிளைக்கு நடந்து போவதற்குள் இரண்டு பேராவது அங்கத்திய பணமான திர்ஹத்தின் அன்றைய ரேட்டை எனக்கே சொல்லிவிடுவார்கள். சொல்லிவிட்டு, "சரிதானுங்களே மேடம்?" என்று வேறு கேட்பார்கள். சரியாகத்தான் இருக்கும்.

பதவி உயர்வுத் தேர்வுக்காக நீங்கள் ஒரு முக்கோணத்தை உருப்போட்டிருப்பீர்கள். தேர்வு முடிந்த மறுநாளே மறந்தும் இருப்பீர்கள், எனக்குத் தெரியாதா? அதனால் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஒரு நாடு மூன்று காரியங்களுக்கு ஆசைப்படும். தன் பணத்தின் மாற்று விகிதம் அசையாமல் நிற்க வேண்டும். வட்டியை ஏற்றுவதும் இறக்குவதும் தன் கையில் இருக்க வேண்டும். பணம் எல்லை தாண்டித் தாராளமாக வரவும் போகவும் வாசல் திறந்திருக்க வேண்டும். மூன்றும் நியாயமான ஆசைகள். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டைத்தான் வைத்துக்கொள்ள முடியும். மூன்றாவதைத் தானாக விடாத நாட்டிடமிருந்து சந்தை அதைப் பிடுங்கிக்கொள்ளும்.

சென்னையில் எனக்கு முதல் மேலதிகாரியாக இருந்தவர் இந்த முக்கோணத்தை ஒருநாளும் வரைந்து காட்டியதில்லை. அவர் பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார், அதனால் சொல்லவில்லை. ஒரு நாள் ரூபாய் காலையிலிருந்தே வழுக்கிக்கொண்டிருந்தது. அறையில் எல்லா போன்களும் ஒன்றாக அடித்தன. ஒரு இறக்குமதியாளர் நேற்றைய ரேட்டையே கேட்டுக் கத்துகிறார். ஒரு கிளை, வாடிக்கையாளருக்கு நேற்றே சொல்லிவிட்டோம் என்று அழுகிறது. நாங்கள் ஆளுக்கொரு போனைக் காதில் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் காபி டம்ளரோடு வந்தார். "எல்லாரும் போனைக் கீழ வைங்க. யார் யாருக்கு என்னென்ன வாக்குக் குடுத்திருக்கோம்? அதுல எதை விடப்போறோம்? அதை முடிவு பண்ணிட்டு எடுத்தா போதும்" என்றார். போன் அடித்துக்கொண்டே இருக்க நாங்கள் உட்கார்ந்து முடிவு செய்தோம். அன்றைக்கு இரண்டு பேரிடம் திட்டு வாங்கினோம், மற்ற எல்லாரிடமும் தப்பித்தோம்.

அந்தக் கேள்வி எனக்கு மறுபடியும் வேலைக்கு வந்தது லப்பைக்குடிக்காட்டில்தான், அதுவும் மும்தாஜ் அக்காவின் சீட்டு விஷயத்தில்.

மும்தாஜ் அக்கா வீட்டு முன்னறையில் பர்தா தைத்து விற்பவர். என்னைவிடச் சின்னவர்தான், ஆனாலும் ஊருக்கே அக்கா, எனக்கும் அக்கா. அவர் தம்பி ரஃபி வளைகுடாவில் மளிகைக் கடை வைத்திருந்தார். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு குலுக்கல் சீட்டு நடத்தினார்கள். ஊரில் அதற்கு அக்கரைச் சீட்டு என்று பெயர். இருபது குடும்பங்கள். மாதம் ஆளுக்கு ஆயிரம் திர்ஹம், குலுக்கலில் பெயர் வருகிறவருக்கு மொத்தமும். அங்கே புருஷன்மார் ரஃபியிடம் கட்டலாம், இங்கே பெண்டாட்டிமார் அக்காவிடம் கட்டலாம்.

இந்தச் சீட்டுக்கு அக்கா மூன்று வாக்குகள் கொடுத்திருந்தார். முதலாவது, சீட்டு ரேட். ஆரம்பித்த அன்றைக்கு ஒரு திர்ஹம் இருபது ரூபாய், சீட்டு முடிகிறவரை அதே இருபதுதான். இரண்டாவது, வட்டி கிடையாது, தள்ளுபடி கிடையாது. முதலில் எடுத்தவருக்கும் கடைசியில் எடுப்பவருக்கும் ஒரே தொகை. மூன்றாவது, எந்தக் கரையில் வேண்டுமானாலும் கட்டலாம், எந்தக் கரையில் வேண்டுமானாலும் எடுக்கலாம், ரூபாயோ திர்ஹமோ அவரவர் விருப்பம்.

உங்களில் யாருக்காவது இப்போது அந்த முக்கோணம் ஞாபகம் வந்தால் நீங்கள் தேறிவிடுவீர்கள். அசையாத விகிதம், சொந்த வட்டி, திறந்த வாசல். எந்த நாடும் செய்ய முடியாததை ஒரு தையல் கடை முன்னறையிலிருந்து அக்கா செய்துகொண்டிருந்தார். முதல் சில மாதங்கள் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது, ஏனென்றால் வெளியே ரேட்டும் இருபதைச் சுற்றியே இருந்தது. வெளியே எதுவும் அசையாதவரை எந்த வாக்கையும் காப்பாற்றிவிடலாம்.

பிறகு ரூபாய் சரிய ஆரம்பித்தது. இருபத்தொன்று, அதையும் தாண்டி இருபத்திரண்டு. அக்கரையில் இருந்தவர்கள் முட்டாள்களா? ஆயிரம் திர்ஹத்தை நம் வங்கி மூலம் வீட்டுக்கு அனுப்பினால் இருபத்திரண்டாயிரத்துக்கு மேல் வரும். அதில் இருபதாயிரத்தை அக்காவிடம் கட்டினால் சீட்டுத் தவணை தீர்ந்தது, மிச்சம் கையில். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் இங்கே ரூபாயில் கட்ட ஆரம்பித்தார்கள். குலுக்கலில் பெயர் வந்தவர்களோ, "எனக்கு அங்க திர்ஹமாவே குடுத்துருங்க" என்றார்கள். இக்கரையில் ரூபாய் குவிந்தது. அக்கரையில் ரஃபியின் பெட்டி காலியானது. அக்கா கொடுத்த வாக்கு ஆயிற்றே என்று ரஃபி தன் கடை முதலிலிருந்து எடுத்து எடுத்துக் கொடுத்தார். அக்காவும், "இன்ஷா அல்லா அடுத்த மாசம் ரேட்டு எறங்கிரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ரேட் இறங்கவில்லை, ரஃபியின் கடையில் அலமாரிகள்தான் காலியாகிக்கொண்டு வந்தன.

எனக்கு இதெல்லாம் தெரியவந்தது அக்கா என் மேஜைக்கு எதிரில் வந்து உட்கார்ந்த அன்றைக்கு.

"மேடம், என் கணக்குல கெடக்கற பணத்த ரஃபிக்கு திர்ஹமா அனுப்பிவுடணும்" என்றார்.

"எதுக்காகங்க?"

"சீட்டுப் பணம்."

விவரம் கேட்டேன். சொல்லச் சொல்ல எனக்குக் கோபம் ஏறியது. எனக்குக் கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பேன், கிளையில் எல்லாரும் தள்ளிப் போய்விடுவார்கள். "அக்கா, ரெண்டு நாட்டுப் பணத்த பேங்குக்கு வெளிய இப்படி மாத்திக்கறது சட்டப்படி தப்புங்க. இதுக்காக இங்கேருந்து ஒரு ரூபா கூட என்னால அனுப்ப முடியாது. உங்க கணக்குல நடக்கறத நான் மேல சொல்லியாகணும். அத மறைச்சு வச்சுக்கிட்டு உங்ககிட்ட நல்லவ மாதிரி பேச மாட்டேன்" என்றேன்.

அவர் முகம் வெளுத்துப்போயிற்று. "நான் ஒரு பைசா கமிஷன் எடுத்ததில்லங்க" என்றார். அது உண்மைதான். அதனாலேயே எனக்கு இன்னும் வருத்தமாக இருந்தது.

பிறகு அவரே கேட்டார். "ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. அந்த ஊரு திர்ஹம் டாலரோட ஒட்டிக்கிட்டு அசையாம நிக்குது. நம்ம ரூபாய மட்டும் ஏன் நிறுத்தி வைக்க மாட்டேங்கறாங்க? இதுக்குன்னு ஒரு பெரிய பேங்கே இருக்குல்ல?"

பொருளாதாரம் படித்த அதிகாரிகள் சிலர் என்னிடம் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. "அவங்க அதுக்கு விலை குடுக்கறாங்கக்கா" என்றேன். "டாலரோட கட்டிக்கிட்டாங்க, வாசலையும் திறந்து வச்சிருக்காங்க. அதனால வட்டி அவங்க கையில இல்ல. அமெரிக்காவுல வட்டி ஏத்தினா இவங்களும் ஏத்தியாகணும், ஊருல வியாபாரம் படுத்துக் கெடந்தாலும் ஏத்தியாகணும். ஏத்தலன்னா பணமெல்லாம் கெளம்பி அங்க போயிரும். நம்ம ஆளுங்க வட்டிய நம்ம நெலைமைக்குத் தகுந்த மாதிரி வச்சுக்கறாங்க. வாசலையும் உள்ள வர அகலமா, வெளிய போகக் கொஞ்சம் ஒடுக்கமா வச்சிருக்காங்க. அதனால ரூபா கொஞ்சம் ஆடத்தான் செய்யும். ரொம்ப ஆடாம கையக் குடுத்துப் புடிச்சுக்குவாங்க, அவ்வளவுதான்."

அக்கா யோசித்தார். "அதான் சிக்கந்தரு மச்சான் கடனுக்கு வட்டி ஏறிப்போச்சா?"

அப்போதுதான் சிக்கந்தர் பாய் பெயர் வந்தது. அவர் அக்கரையில் ஏ.சி. மெக்கானிக். அங்கேயே ஒரு வங்கியில் ஏறி இறங்கும் வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தார். அமெரிக்காவைப் பார்த்து அந்த ஊர் வட்டியை ஏற்ற, அவர் கடன் கரையவே இல்லை. கடனை அடைக்காமல் வேலையை விட்டுக் கிளம்பினால் வழக்கு, விமான நிலையத்திலேயே நிறுத்திவிடுவார்கள். நடுவில் வாங்கினால் வீட்டுச் செலவில் கரைந்துவிடும் என்று அவர் தன் சீட்டைக் கடைசித் தவணைக்குத் தள்ளி வைத்திருந்தார். அந்தத் தொகையை வாங்கி மொத்தக் கடனையும் அடைத்துவிட்டு ஒரேயடியாக ஊருக்கு வந்துவிடுவது, மகள் ஆயிஷாவின் நிக்காஹை இருந்து நடத்துவது, இதுதான் அவர் திட்டம். வேடிக்கை என்னவென்றால், ரேட் கணக்குப் பார்க்க நேரமில்லாமல் மாதாமாதம் ரஃபியிடம் திர்ஹமாகவே கட்டிக்கொண்டு வந்த ஒரே ஆளும் அவர்தான். அவர் கட்டிய திர்ஹமெல்லாம் அவருக்கு முன்னால் குலுக்கலில் வந்தவர்கள் கைக்குப் போய்விட்டது. நான்கு தவணைகள் பாக்கி. பெட்டியில் ஒன்றும் இல்லை.

லப்பைக்குடிக்காட்டில் அத்தா, அதாவது தகப்பனார், வெளிநாட்டில் இருக்க, சித்தப்பாவோ மாமாவோ அவர் இடத்தில் உட்கார்ந்து நிக்காஹ் நடப்பது சாதாரணம். அத்தா போனில் கேட்டுக்கொண்டிருப்பார். ஆயிஷா மட்டும், "எங்கத்தா வந்து ஒக்காராம எனக்கு நிக்காஹ் வேணாம்" என்று சொல்லிவிட்டாளாம். மாப்பிள்ளை வீட்டாரோ சீட்டு முடிவதற்கு முன்பே தேதி குறித்திருந்தார்கள், எத்தனை நாள் பொறுப்பார்கள்?

"அக்கா, மூணு வாக்குக் குடுத்திருக்கீங்க. எதை விடப்போறீங்க?" என்று கேட்டேன்.

"ஏன் வுடணும்?"

"நீங்க விடலன்னா அதுவே போயிரும். ரஃபி கடை முதல்ல போவும், அப்பறம் உங்க பேரு."

அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். ரேட்டை மாற்றினால், முன்னால் எடுத்தவர்கள் தப்பித்துக்கொள்வார்கள், இனி எடுப்பவர்கள் மட்டும் அடிபடுவார்கள். திர்ஹம் கேட்பவர்களிடம் கொஞ்சம் பிடித்துக்கொண்டு கொடுத்தால் அது வட்டி மாதிரி ஆகிவிடும். "ஹராம், மார்க்கத்துல ஆகாது, அது வேணாம்" என்றார். "அப்ப வாசலத்தான் சாத்தணும். இக்கரைப் பணம் இக்கரையோட, அக்கரைப் பணம் அக்கரையோட."

"சட்டமும் அதத்தாங்க சொல்லுது" என்றேன். "ஆனா சாத்தினா யாரு உள்ள மாட்டிக்குவாங்கன்னு சட்டம் சொல்லாது. அதை நீங்கதான் பாக்கணும்."

நான் மேலிடத்துக்கு எழுதினேன். அங்கிருந்து கேள்வி வந்தது, அக்கா உள்ளதை உள்ளபடி சொன்னார். புதிதாக எதுவும் ஆரம்பிக்கக் கூடாது, இரண்டு கரைக்கும் நடுவில் இனி ஒரு காசும் மாறக் கூடாது என்று முடிந்தது. இதை விவரமாகச் சொல்லப்போவதில்லை. உங்களுக்கு ஒன்றே ஒன்று: வாடிக்கையாளர்மேல் பிரியம் இருந்தால் முதலில் எழுத வேண்டியதை எழுதிவிடுங்கள், பிறகு பிரியமாக இருங்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு அக்கா வீட்டு முன்னறையில் பெண்கள் கூடினார்கள். அக்கரையில் ஆண்களுக்கும் அப்போதுதான் ஓய்வு. என்னையும் வரச் சொல்லி ஆள் அனுப்பினார். போவதா வேண்டாமா என்று எனக்கு யோசனை. வங்கி மேலாளர் உட்கார்ந்திருந்தால் வங்கியே சொல்வதாக ஆகிவிடும். முதலிலேயே சொல்லிவிட்டேன், "நான் பேங்க் சார்பா வரல. யாருக்கும் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். சட்டத்துல எது முடியாதுன்னு கேட்டா மட்டும் சொல்றேன்" என்று. தையல் மெஷின் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

பாயில் பெண்கள், அவர்கள் நடுவில் போன்கள். ஒவ்வொரு போனிலும் ஒரு புருஷன். அக்கா எழுந்து, வாசலைச் சாத்துகிறேன் என்று சொன்னார். இங்கே ரூபாயில் கட்டி இன்னும் எடுக்காதவர்களுக்கு ரூபாய் இங்கேயே இருக்கிறது, பயமில்லை. ரஃபி தன் கடையிலிருந்து போட்டது அக்கா தம்பி விவகாரம், அதை யாரும் பேச வேண்டாம். திர்ஹம் எடுத்துக்கொண்டு போனவர்கள் மட்டும் பாக்கித் தவணைகளை இனி அக்கரையில் திர்ஹமாகவே கட்ட வேண்டும். அப்படிக் கட்டினால் கடைசித் தவணையில் சிக்கந்தருடைய தொகை சேர்ந்துவிடும்.

போன்கள் ஒன்றாக வெடித்தன. யார் பேசுகிறார்கள் என்றே தெரியவில்லை. அதில் ஒரு குரல், "சீட்டு ஆரம்பிக்கறப்ப இப்படிச் சொன்னீங்களா?" என்றது. அது ஜைபுன் என்கிற பெண்ணின் போன். ஜைபுன் எழுந்தே விட்டாள்.

"நாங்க என்ன களவாடினமா? எந்தக் கரையில வேணாலும் எடுத்துக்கங்கன்னு நீங்கதான சொன்னீங்க? சொன்னபடி எடுத்தோம். அந்த மிச்சக் காசுலதான் எம்புள்ளைக்கு காலேஜ் ஃபீஸ் கட்டுறேன். இப்ப நாங்க என்னமோ ஏமாத்துன மாதிரி ஆக்குறீங்க!"

பக்கத்தில் ஒருத்தி, "ரேட்டப் பாத்து ரேட்டப் பாத்து எடுத்தியேடி" என்று குத்தினாள். எனக்கு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. "அந்தம்மா சொல்றது சரிங்க" என்றேன். எல்லாரும் திரும்பினார்கள். "திறந்து வச்ச வாசல்ல அவங்க நடந்து போனாங்க, அவ்வளவுதான். அவங்க மேல பழி போடாதீங்க. குடுக்க முடியாத வாக்கக் குடுத்தது சீட்டு."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தலையை ஆட்டி, "ஆமா, நாந்தான் குடுத்தேன்" என்றார்.

புதியவர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். ஒரு நாட்டின் பணம் சரியும்போது டாலரை வாங்கி ஓடுகிறவர்களைத் திட்டுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. திட்டினால் மனதுக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் அவர்கள் பெரும்பாலும் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுகிறவர்கள்தான். அசையாது என்று ஒரு விகிதத்தைச் சொல்லி, வாசலையும் திறந்து வைத்துவிட்டு, யாரும் நடக்காதீர்கள் என்றால் எப்படி?

அறையில் சத்தம் அடங்கவில்லை. அப்போது சுவரோரமாக உட்கார்ந்திருந்த சிக்கந்தர் பாயின் மனைவி சபுரா பேச ஆரம்பித்தார்.

"எங்க மாமனாரு மவுத்தாகி அடக்கம் பண்ண அன்னைக்கு எங்க வூட்டுக்காரரு போன்லதான் கேட்டுக்கிட்டு இருந்தாரு. என் தம்பி நிக்காஹ்வயும் போன்லதான் கேட்டாரு. ஆயிஷா பொறந்து அழுவுற சத்தத்தையும் போன்லதான் கேட்டாரு. நாங்க யாரையும் குத்தம் சொல்லல. யாரு மிச்சம் பண்ணாலும் நல்லா இருக்கட்டும். நிக்காஹ் தேதியத் தள்ளி வைக்கச் சொல்லி மாப்புள்ள வூட்டுல நான் போய்க் கால்ல வுழுந்தாவது கேக்குறேன். சீட்டு முடியறவரைக்கும் தள்ளி வைக்கறேன். நீங்க அத மட்டும் கட்டிருங்க. இந்த ஒண்ணையாச்சும் அவரு கண்ணால பாக்கட்டும்."

அந்த நேரத்தில் அவர் மடியிலிருந்த போனிலிருந்து ஒரு குரல், "சபுரா! யாருகிட்டயும் கெஞ்சாத!" என்று அறை முழுக்கக் கேட்டது. சிக்கந்தர் பாய்தான். கம்ப்ரசர் இரைச்சலுக்கு நடுவில் வேலை செய்து பழகியவர், அவர் போனில் பேசினால் எதிர்வீட்டுக்கும் கேட்கும் என்று ஊரில் கேலி செய்வார்கள். யாரும் அன்றைக்குச் சிரிக்கவில்லை. நான் தையல் மெஷினின் நூலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் ஒரு பெண் தன் போனை எடுத்து, "என்னங்க, அங்கயே திர்ஹமா கட்டிருங்க" என்றாள். அந்தப் பக்கத்திலிருந்து என்னவோ வந்தது. "அதெல்லாம் எனக்குத் தெரியாது, கட்டிருங்க" என்று வைத்துவிட்டாள். பிறகு ஒருத்தி பின் ஒருத்தியாக மற்றவர்கள். கடைசியாக ஜைபுன். அவள் புருஷன் ஒத்துக்கொள்ளவில்லை, நீளமாகப் பேசினார். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "கட்டுங்க. ஃபீஸுக்கு நான் வேற வழி பாத்துக்கறேன்" என்றாள். அக்கா கொடுத்த டீயைத் தொடாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஜைபுன் அந்த வழியாகப் போனாள். "மேடம், எனக்குன்னு பேசினீங்க, சந்தோஷம். ஆனா நஷ்டம் எனக்குத்தானே வந்துச்சு?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஃபீஸுக்குப் படிப்புக் கடன் தர வழி இருக்கிறது, திங்கட்கிழமை பையனைக் கூட்டிக்கொண்டு கிளைக்கு வா என்றேன். வந்தாள், கடனும் கிடைத்தது. ஆனாலும் கடன் கடன்தான், மிச்சப்பட்ட காசு ஆகாது. அவள் முகத்தில் அது எழுதியிருந்தது.

மூன்றில் ஒன்றை விடுவது என்று புத்தகத்தில் ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். அந்த ஒன்றின் மறுபக்கத்தில் எப்போதும் ஓர் ஆள் இருப்பார். ரேட்டை விட்டால் ஓர் ஆள், வட்டியை விட்டால் இன்னோர் ஆள், வாசலைச் சாத்தினால் ஜைபுன். யாருக்கும் வலிக்காமல் முடிவெடுத்தேன் என்று உங்களில் ஒருவர் வந்து சொன்னால், வலித்தவரை நீங்கள் பார்க்கவில்லை என்றுதான் நான் நினைப்பேன்.

மாதங்கள் ஓடின. மாப்பிள்ளை வீட்டார் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், பிறகு தேதியை மாற்றிக்கொடுத்தார்கள். தவணைகள் அக்கரையில் ஒவ்வொன்றாக விழுந்தன. ஒவ்வொரு தவணைக்கும் சபுரா கிளைக்கு வந்து, பணம் எடுக்கவோ போடவோ எதுவும் இல்லாமலே, என் எதிரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். "வந்துருவாருல்லங்க மேடம்?" என்று ஒரே ஒரு கேள்வி. வந்துருவாருங்க என்று நானும் சொல்வேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு அதிகாரமும் இல்லை. இதற்குள் நான் ஓய்வு பெற்றும் விட்டேன்.

நிக்காஹுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். பெரம்பலூரில் பஸ் ஏறும்போதுகூட சிக்கந்தர் பாய் வந்துவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. முந்தின நாள் சபுராவுக்குப் போன் செய்து கேட்டிருக்கலாம். பயந்துகொண்டு கேட்கவில்லை.

பெண்கள் இருந்த பக்கத்தில் மும்தாஜ் அக்கா எனக்கு இடம் போட்டு வைத்திருந்தார். சீட்டை அத்தோடு நிறுத்திவிட்டதாகச் சொன்னார். ரஃபி கடையை விற்றுவிட்டு வேறொரு கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். ஜைபுனும் வந்திருந்தாள். ஆயிஷாவைக் கட்டிப்பிடித்தாள், சபுராவிடம் பேசினாள், என்னிடம் சிரித்தாள். அக்கா இருந்த பக்கம் மட்டும் திரும்பவில்லை. அக்கா அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "அவ கோவம் நியாயந்தானுங்களே" என்றார் என்னிடம்.

ஆண்கள் பக்கம் எங்களுக்குத் தெரியாது, நடுவில் திரை. மைக்கில், நிக்காஹ் நடத்திவைக்கும் ஹஜ்ரத்தின் குரல் மட்டும் வந்தது. பெண்ணின் அத்தாவைப் பேசச் சொன்னார். ஆயிஷா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். சபுரா என் கையைப் பிடித்தார்.

பிறகு மைக் கீச்சென்று கத்தும்படி ஒரு குரல் வந்தது. "என் மவ ஆயிஷாவ நிக்காஹ் செஞ்சு குடுத்தேன்!" பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதை, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவருக்குச் சொல்வதுபோல அவர் கத்தினார். யாரோ, "பாய், மெதுவா, பக்கத்துலதான இருக்கீங்க" என்றார்கள். ஆண்கள் பக்கம் முழுக்கச் சிரிப்பு. ஆயிஷாவும் அழுதுகொண்டே சிரித்தாள்.

மறுபடி மைக்கில் அவர் குரல் வந்தது. இந்த முறை மெதுவாக, பழக்கமில்லாத மாதிரி, தயங்கித் தயங்கி வந்தது. "ஆமால்ல," என்றார், "பக்கத்துலதான இருக்கேன்."